கோலை எடுத்தால் ஹீலர், வாளை எடுத்தால் டேங்க்: ஃபைனல் ஃபேண்டஸி 14

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் எனக்கு எடைமேடை வேலை. சீசனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கேமை மறந்துவிட வேண்டியதுதான். முடிந்து திரும்பினால் கூட ஆடும் பையன்கள் எங்கேயோ போயிருப்பார்கள். முன்பு ஆடிய ஒரு கேமில் (பெயர் வேண்டாம்) நான் வளர்த்து வைத்திருந்தது வாள்வீரன், குழுவுக்குத் தேவைப்பட்டதோ ஹீலர், அதாவது கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுகிறவன். “மச்சான், புது கேரக்டர் போட்டு ஒண்ணுலேர்ந்து வா” என்றார்கள். நான் போகவில்லை.

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இந்த ஆன்லைன் கேமில் அந்தத் தொல்லை இல்லை. கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் அதே ஆள் வேறு ஆளாகிவிடுகிறான். வாளும் கேடயமும் என்றால் கிளாடியேட்டர், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க். கோலை எடுத்தால் கான்ஜுரர், ஹீலர். இவற்றைக் ‘கிளாஸ்’ என்பார்கள். முதல் கிளாஸில் 10-ஆம் லெவல் குவெஸ்டை (கேம் தரும் வேலையை) முடித்தால் மற்ற கிளாஸ்களின் கில்டுகளிலும் (சங்கங்களிலும்) சேரலாம். 30-க்கு மேல் அவையே பாலடின், ஒயிட் மேஜ் என்று ‘ஜாப்’ ஆகும்.

சும்மா வந்துவிடாது. கிளாடியேட்டரை எவ்வளவு வளர்த்திருந்தாலும் கான்ஜுரர் 1-இல்தான் தொடங்குவான். பின்தங்கிய ஜாப்புக்குக் கூடுதல் அனுபவப் புள்ளி உண்டு, கதையையும் மறுபடி ஓட்ட வேண்டாம் என்பது ஆறுதல். என்னைப் பிடித்து வைத்தது ஆர்க்கனிஸ்ட். அதுவும் ஒரு கிளாஸ். அதிலிருந்து வரும் சம்மனர் டேமேஜ் (எதிரியை அடித்து வீழ்த்துகிறவன்), ஸ்காலர் ஹீலர். இரண்டுக்கும் லெவல் பொது. ஒன்றை வளர்த்தால் மற்றதும் வளரும், உடுப்பை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நால்வர் சேர்ந்து எதிரிகளை அடித்து முன்னேறும் டஞ்சனுக்கு ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டேமேஜ். டேமேஜ் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. சம்மனராக வரிசையில் நின்றால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஸ்காலராக நின்றால் தண்ணீர் கொதிப்பதற்குள் அழைப்பு வந்துவிடுகிறது! ஓசூர் நண்பன் என்னைவிட முப்பது லெவல் மேலே. ஆனாலும் கீழ் டஞ்சனுக்கு வந்தால் அவனையும் அந்த லெவலுக்கு இறக்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் காணாமல் போகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

2013-இல் புதுப்பித்து வெளியிட்ட அடிப்படைக் கதை நடுவில் இழுவை, பொறுமை வேண்டும். சர்வர் வெளிநாட்டில் என்பதால் கொஞ்சம் தாமதம் உண்டு. முக்கிய அடிகள் 2.5 நொடிக்கு ஒன்று என்பதால் சமாளிக்கலாம், எதிரியின் அடி விழும் இடத்தைக் காட்டித் தரையில் விழும் வட்டங்களிலிருந்து தப்புவதுதான் சிரமம். இலவச ட்ரயல் 70-ஆம் லெவல் வரை, நாள் கணக்கே இல்லை. அதில் மார்க்கெட் போர்டு (ஆட்டக்காரர்கள் பொருள் வாங்கி விற்கும் சந்தை) கிடையாது, கையில் 3 லட்சம் கில்லுக்கு (கேமுக்குள் உள்ள பணம்) மேல் நிற்காது, பார்ட்டியை (ஆடும் குழுவை) நாமே தொடங்க முடியாது. பணம் கட்டி முழு கேமுக்கு மாறினால் அதே கணக்கில் ட்ரயலுக்குத் திரும்பவும் முடியாது. அதனால் முதலில் ட்ரயலிலேயே ஊறுங்கள்.

அப்புறம், இதில் மீன்பிடிப்பும் ஒரு கிளாஸ், அதற்கும் தனி லெவல். நேற்று இரவு முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவலுக்குக் கிளம்பிவிட்டேன்.