மங்குக்கு என்று கடையில் தரும் டியூப்: பூசும் முன் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

கன்னம், நெற்றி, மேலுதட்டின் மேல் என்று இரு பக்கமும் ஒன்றுபோல் பழுப்பாகப் படரும் மங்குக்கு மருந்துக் கடையில் போய் க்ரீம் கேட்டால், டாக்டர் சீட்டு கேட்காமலே ஒரு டியூப்பை எடுத்து வைத்துவிடுகிறார்கள். "ராத்திரி பூசிட்டுப் படுங்கக்கா, பத்து நாள்ல தெரியும்" என்கிறார்கள். பத்து நாளில் தெரியத்தான் செய்கிறது. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. முதலாவது, நிறமி உருவாகத் தேவையான நொதியைத் தடுக்கும். இரண்டாவது, மேல்தோல் செல்களைச் சீக்கிரம் உதிரச் செய்யும். மூன்றாவது ஸ்டீராய்டு, ட்ரெட்டினாயின் தரும் எரிச்சலை அடக்கச் சேர்த்தது. இந்த மூன்றின் கூட்டு 1975ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்ட கலவையிலிருந்து வந்தது. மருந்து நல்ல மருந்துதான். தோல் மருத்துவர் எழுதினால் இரவில் மட்டும், கறை உள்ள இடத்தில் மட்டும், மெல்லிய பூச்சாக, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் என்று கணக்கோடு எழுதுவார். கடையில் டியூப் வருகிறது, கணக்கு வருவதில்லை. ஆகவே முகம் முழுக்க, காலையும் மாலையும், டியூப் தீரத் தீர, வருஷக்கணக்கில் பூசுகிறார்கள்.

மூன்று நான்கு மாதத்தில் தோல் மெலிகிறது. மூக்கின் இரு ஓரத்திலும் கன்னத்திலும் சிவப்பு நூல் இழைபோல் ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. அடுப்படிச் சூட்டுக்கே முகம் எரிகிறது. எல்லாம் ஒரே அளவில் பொடிப் பருக்கள், தாடையோரம் பூனைமுடி. பயந்துபோய் நிறுத்தினால் சில நாளிலேயே முகம் சிவந்து வீங்கி, மங்கு முன்பைவிடக் கருக்கிறது. உடனே "இந்த க்ரீம்தான் நமக்கு ஒத்துக்குது" என்று அடுத்த டியூப். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் இந்தியாவில் அவ்வளவு பேர் என்பதால்தான், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச்-ல் சேர்த்தது. சேர்த்தும் விற்பனை நிற்கவில்லை. மொமெட்டசோன் இடத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகள் பெட்டியில் இருந்தால் இன்னும் மோசம். பிந்தையது ஸ்டீராய்டு பூச்சுகளிலேயே மிக வீரியமானது.

ஹைட்ரோகுயினோனிலும் ஒரு வினை உண்டு. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விடாமல் பூசினால் கன்னத்து எலும்பின் மேல் சாம்பலும் நீலமும் கலந்த கருமை ஏறிவிடும். அது மங்கைவிடப் பிடிவாதமானது. மங்கு கூடிவிட்டது என்று நினைத்து அதே மருந்தை இன்னும் கெட்டியாகப் பூசுகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

டியூப்பிலாவது பெயர் போட்டிருக்கிறது. அழகு நிலையத்திலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் வெள்ளை டப்பாவில் அதுவும் கிடையாது. தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், உட்பொருள் எதுவும் இல்லாத க்ரீம் ஒரு வாரத்தில் முகத்தை வெளுப்பாக்கினால் உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரத்தில் 2023ல் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ க்ரீமை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது "ஆறு சிட்டிங், நிரந்தரத் தீர்வு" என்று முன்பணம் வாங்கும் லேசர். மங்கு கட்டுக்குள் வைக்கிற சமாசாரம். நிரந்தரம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நிறமி மேல்தோலில் இருக்கிறதா, அடித்தோலில் இறங்கிவிட்டதா என்று வுட்ஸ் விளக்கு எனும் புற ஊதா விளக்கில் பார்க்காமலே, அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் பீலிங்கையும் ஆரம்பிக்கிறார்கள். ஆழத்தில் இருக்கும் நிறமிக்கு மேலே உரித்து என்ன பயன்? நம் மாதிரி மாநிறத் தோலில் லேசரின் சூடே நிறமி செல்களைத் தூண்டும். அளவு தப்பினால் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளும் விழும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போவதும் இதே வகைச் சேதம்தான்; தோல் வெந்து, ஆறிய இடம் கருக்கும்.

முதலில் அது மங்குதானா என்று தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும், கண்ணைச் சுற்றி நீலச் சாம்பலாக இருப்பது வேறு. நெற்றியோரம் வெல்வெட் போல் தடித்துக் கருப்பது பெரும்பாலும் இன்சுலின் கோளாறைக் காட்டும். ஹேர் டையும் மட்டமான குங்குமமும்கூட முகத்தைக் கருக்கவைக்கும்.

மங்குதான் என்றால் சன்ஸ்க்ரீன் இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது. எஸ்பிஎஃப் 30க்கு மேல், அயர்ன் ஆக்சைடு என்ற நிறப்பொடி சேர்ந்து தோல் நிறத்தில் இருப்பது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மருந்து என்றால், அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20% உள்ள பூச்சு மெதுவாக வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் தரக்கூடியது. ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் கர்ப்பத்தில் வேண்டாம். மங்குக்குச் சிலருக்கு எழுதும் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து அது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு இல்லாத இந்த வழிகளில் எதுவானாலும் மாற்றம் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் பூசியிருந்தால் அந்த டியூப்பையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதை மறைக்காதீர்கள்; எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை அதைவைத்துத்தான் முடிவு செய்வார். இடையில் முகம் சிவந்து எரியும் வாரங்கள் வரும், அப்போது பழைய டியூப்பைத் தொடாதீர்கள். சீட்டில்லாமல் விற்ற கடையின் பில் இருந்தால் அதோடு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.