இரண்டு நெட்வொர்க் அட்டைகள், ஓர் அலைவுகாட்டி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டின் பின்

வவுனியாவில் இன்வேர்ட்டர் திருத்தும் நண்பர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும் அலைவுகாட்டியை (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் அலைவடிவாகக் காட்டும் ஒசிலஸ்கோப்) கணினியுடன் யூ.எஸ்.பி. வழியாகத் தொடுப்பதா, லான் எனும் நெட்வொர்க் கேபிள் வழியாகத் தொடுப்பதா என்று சென்ற கிழமை கேட்டார். கொக்குவிலில் உள்ள என் திருத்தகத்தில் நான்கு ஆண்டுகளாக லான் வழியையே பயன்படுத்தி வருகிறேன். ஆனால் அவர் கேட்டபோது, ஐப்பசி இடியில் பழுதான மதர்போர்டை மாற்றிக் கணினியை மீண்டும் மேசையில் வைத்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

கருவிக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லான் இணைப்பில் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் இருப்பதால், கவசமற்ற கேபிளைப் பயன்படுத்தினால் கணினியின் புவித்தொடுப்பும் கருவியின் புவித்தொடுப்பும் அந்தக் கேபிள் வழியே ஒன்றாவதில்லை. யூ.எஸ்.பி.யில் தொடுத்திருந்த நாட்களில் அலைவடிவின் மேல் மெல்லிய மயிர் போலப் படிந்திருந்த இரைச்சல், லானுக்கு மாறிய அன்றே வெகுவாகக் குறைந்துவிட்டது. (இதனால் புரோபின், அதாவது அளக்கும் முனைக் கம்பியின், புவித்தொடுப்பு நீங்கிவிடுவதில்லை; இன்வேர்ட்டரின் உயர் மின்னழுத்தப் பக்கத்துக்குப் புவியோடு இணையாத டிஃபரென்ஷியல் புரோப் தனியே வேண்டும்.)

என் கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் உள்ளன; ஓர் அட்டை வீட்டு ரவுட்டருக்கும் மற்றது கருவிகளைத் தொடுத்த சிறிய சுவிச்சுக்கும் செல்கின்றன. கருவியோடு வந்த மென்பொருளில் தேடல் பொத்தானை அழுத்தினால், அது 255.255.255.255 என்ற முகவரிக்குப் பொது அழைப்பு ஒன்றை அனுப்புகிறது. இயங்குதளமோ அதை முன்னுரிமை பெற்ற ஒரே அட்டை வழியாக மட்டும் வெளியே விடுகிறது. அந்த முன்னுரிமை இணைய அட்டைக்கு இருப்பதால் அழைப்பு ரவுட்டரிடம் போய்விட, இரண்டு முழம் தள்ளி ஒளிர்ந்துகொண்டிருக்கும் அலைவுகாட்டியைக் காணவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. எந்த அட்டை வழியே தேடுவது என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. நான்கு ஆண்டுகளாகியும் இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தேடலைக் கைவிட்டு முகவரியை நேரே கொடுப்பதே வழி. முதல் மாதத்தில் இரண்டு அட்டைகளும் 192.168.1 வரிசையில் இருந்தன. எந்த அட்டை வழியே அனுப்புவது என்று கணினிக்குத் தெளிவில்லாததால், பிங் செய்தால் (கருவி பதிலளிக்கிறதா என்று சோதித்தால்) ஒரு நாள் பதில் வரும், மறுநாள் வராது. பின்னர் கருவி அட்டைக்கு 192.168.50.1, அலைவுகாட்டிக்கு 192.168.50.10, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி வரிசையைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) 255.255.255.0 என நிலையாகக் கொடுத்து, அந்த அட்டையின் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாயில்) கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதன்பின் கருவி கட்டளைகளை ஏற்கும் 5025 ஆம் போர்ட்டுக்கு, ‘நீ யார்’ என்று கேட்கும் அடையாளக் கட்டளையை அனுப்பினால், தயாரிப்பாளர், மாதிரி, தொடரிலக்கம், பதிப்பு ஆகிய நான்கும் காற்புள்ளிகளுடன் ஒரே வரியில் தவறாமல் வந்தன.

புதிய மதர்போர்டில் அதே முகவரியைக் கொடுத்தபோது, கணினியில் தற்போது இல்லாத வேறோர் அட்டைக்கு அது ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வந்தது. பழைய மதர்போர்டோடு கழற்றி எறியப்பட்ட அட்டையின் பதிவு உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. விண்டோஸின் சாதன மேலாளரில் (Device Manager) மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, மங்கலாகத் தெரிந்த அந்தப் பழைய பெயரை அகற்றிய பிறகே வழி பிறந்தது. அடையாள வரி திரையில் வந்தபோது இரவு பத்தரை மணி.

உங்களிடம் இருக்கப்போவது ஒரே கருவிதான், யூ.எஸ்.பி. கேபிளே போதும் என்று நண்பருக்கு அன்றிரவே எழுதினேன். அந்தப் பதிலை மாற்ற மாட்டேன்; என் மேசையிலிருந்து லான் கேபிளைக் கழற்றவும் மாட்டேன்.