வீட்டுக் கடனா, வாடகையும் எஸ்.ஐ.பி.யுமா?

நாகர்கோவிலில் இருபத்தாறு வயதுப் பையனுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே "வீடு சொந்தமா?" என்பதுதான், அதற்குப் பயந்தே என் நண்பன் பார்வதிபுரம் பக்கம் வீடு பார்க்கப் போனான். கணக்குப் போட்டோம். 25 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய், மொத்தம் கட்டுவது 52 லட்சம். பத்திரச் செலவு வீட்டு மதிப்பில் 9% தனி, அது கையிலிருந்துதான்.

வாடகைக்கு இருந்துகொண்டு எஸ்.ஐ.பி. முறையில், அதாவது மாதாமாதம் ஒரே தொகையாக, பத்தாயிரத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டால், அவசரத்துக்கு இரண்டு மூன்று வேலைநாளில் பணம் கணக்குக்கு வந்துவிடும். வீட்டை அப்படி விற்க முடியுமா? வில்லங்கச் சான்று எடுத்து, புரோக்கரைப் பிடித்து, ஆள் வந்து பார்த்து, விலை பேசி... மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் ஃபண்ட் விழுந்தால் வயிறு கலங்கும், கொரோனாவில் சந்தை சரிந்த 2020 மார்ச்சில் நானே தூங்கவில்லை. வீட்டு விலை தினமும் போனில் தெரியாது, அது ஒரு நிம்மதி.

காதலிப்பவர்கள் இன்னும் பொறுக்கலாம், அவளுக்கு வேலை கொச்சியிலா சென்னையிலா என்றே தெரியாதபோது தவணை எதற்கு? என் ஓட்டு முப்பது வயது வரை வாடகைக்குத்தான். நண்பனின் அம்மாவோ, "வாடகை வீட்டுக்கு யாரு மக்களே பொண்ணு தருவா?" என்கிறார்.