டிராக்டருக்கு இரும்பு டாப்: பள்ளிகொண்டா பக்கத்துப் பட்டறையில் செய்தது

ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தைலமரத் தோப்பு. ஓரம் முழுக்கப் பழைய புளியமரங்கள். வெட்டிய கட்டையை ரோடு வரை டிராக்டரில்தான் இழுக்க வேண்டும். போன ஆடிக் காற்றில் காய்ந்த கொப்பு ஒன்று முறிந்து, வெயிலுக்குப் போட்டிருந்த ஃபைபர் டாப்பைப் பிளந்து, என் வீட்டுக்காரர் தோளை உரசிக்கொண்டு இறங்கியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுவாரமே பள்ளிகொண்டா பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம்.

நான் 6 மி.மீ. தகடு கேட்டேன். மேஸ்திரி தரையிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டார். நாலடிக்கு மூன்றரை அடி கூரைக்கு அந்தத் தகடு மட்டுமே 60 கிலோவைத் தாண்டும், 4 மி.மீ. என்றால் 40 கிலோ. "உச்சியில பாரம் ஏத்தினா மேட்டுல வண்டி சாயும்மா. 4 போதும், அடியில ஆங்கிள் குறுக்கே கொடுத்துடறேன்" என்றார். ஆங்கிள் என்றால் L வடிவ இரும்புச் சட்டம்.

டாப்பின் கால்களை வண்டியில் நிறுத்திய விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பின்சக்கர அச்சை மூடியிருக்கும் கூடு, அதாவது ஆக்ஸில் ஹவுசிங், வார்ப்பிரும்பு. அதில் வெல்டிங் வைத்தால் சூட்டில் விரிசல் விடுமாம். அதனால் மேலும் கீழும் தடித்த பிளேட் வைத்துக் கவ்வி, தலையில் 8.8 என்று பொறித்த, பலம் கூடிய ரக போல்ட் போட்டு முடுக்கினார். மட்கார்டில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. வண்டிமேல் வெல்டிங் ராடு வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, கழற்றியாயிற்றா என்று கையால் தொட்டும் பார்த்தார்.

சீட் பெல்ட்டும் வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். "இது மேலேருந்து விழறதுக்குத்தான். வண்டி கவுந்தா தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் கம்பெனியில் பாரம் வைத்து அழுத்திச் சோதித்து வருவது. பெல்ட் அதோடு சேர்ந்தது. சோதிக்காத சட்டத்துக்கு அடியில் ஆளைக் கட்டிப்போடுவது ஆபத்து. கட்டை இழுக்கும் சங்கிலியை வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் கம்பியில் (டிராபாரில்) தாழ்வாகத்தான் மாட்ட வேண்டும், ஆக்ஸிலுக்கு மேலே மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாகவே கவிழும் என்றும் சொல்லிக்கொடுத்தார். முன்பு விசாரித்த இரண்டு பட்டறைகளில் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பதோடு சரி.

குறையும் உண்டு. நாலு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள். பின்னால் அடித்த கம்பிவலை கொக்கியை மறைத்தது. திரும்பக் கொண்டுபோனதும் காசு வாங்காமல் கீழ் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் தகடு கொதித்ததால், அப்புறம் நாங்களே மேலே வெள்ளை பெயின்ட் அடித்து உள்ளே பிளைவுட் வைத்தோம். பட்டறைக்கு மொத்தம் 18,500 ரூபாய் கொடுத்தோம்.

இந்த வைகாசியில் மழைக்கு முன் அடித்த காற்றில் கை பருமன் கொப்பு ஒன்று நேராக டாப்மேல் விழுந்தது. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எனக்குக் காட்டினார். தகட்டில் ஒரு விரல்கடை பள்ளம். போல்ட்டில் ஸ்பானர் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. மேஸ்திரிக்கு போட்டோ அனுப்பினேன். வண்டியைக் கொண்டுவாங்க, பள்ளத்துக்கு அடியில் இருக்கும் ஆங்கிளை மாற்றிவிடலாம் என்றார். வரும் திங்கட்கிழமை போகிறோம்.