செகண்ட் ஹேண்ட் ஏரான் நாற்காலி: முதலில் அளவு, பிறகு விலை

ஐடி அலுவலகங்கள் மூடும்போதும் இடம் மாறும்போதும் வெளியே வரும் சாமான்களில் பலரும் தேடிப் போவது ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் நாற்காலியைத்தான். புதிதாக வாங்கப் போனால் இந்தியாவில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். செகண்ட் ஹேண்டில் அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்கு இது லாபமான பேரம்தான். ஆனால் உங்கள் அளவு நாற்காலியாக இருந்தால் மட்டுமே. ஏரான் ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் வருகிறது. செருப்பு வாங்குவது போலத்தான் இதுவும். பெயரைப் பார்த்து வாங்கி, அளவு தப்பிப்போனால் கடிக்கும்.

1994-இல் அமெரிக்காவில் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் உருவாக்கியது ஏரான். அதற்கு முன்பு இருவரும் முதியோருக்கான நாற்காலி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாள் முழுக்க மெத்தையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சூடும் ஈரமும் தேங்கித் தோல் கெடுவதைப் பார்த்தவர்கள், ஏரானில் மெத்தையையே எடுத்துவிட்டு வலையைப் பூட்டினார்கள். இன்று கடைக்குக் கடை கிடைக்கும் ‘நெட் சேர்’களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடையாது. கரண்ட் போன மே மாத மதியத்தில் ரெக்ஸின் மெத்தையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே முதுகு நனைந்துவிடும். வலையில் காற்று ஓடிக்கொண்டிருக்கும். ஏசி நேரே முதுகில் அடிக்கும் இடமாக இருந்தால் இதே வலை வழியாகக் குளிர் இடுப்பில் இறங்கும். அங்கே நாற்காலியின் இடத்தை மாற்றுவதுதான் வழி.

அளவைக் கண்டுபிடிப்பது சுலபம். சாய்மானத்தின் மேல் விளிம்பில், பின்புறமாக விரலை வைத்துத் தடவுங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கும். ஒரு புள்ளி என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. கடைக்காரர் என்ன சொன்னாலும் விரல் சொல்வதை நம்புங்கள். சந்தையில் புழங்குவதில் பெரும்பாலானவை பி. ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு மேல் நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு பி சரியாக இருக்கும். அதற்குக் குறைவான உயரமுள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஏ கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. நல்ல உயரமும் பருமனும் உள்ளவர்களுக்குத்தான் சி. ‘பெருசா இருந்தா சொகுசாத்தானே இருக்கும்’ என்று சி எடுப்பது பலரும் செய்கிற தவறு. இருக்கை நீளமாகிவிடும், முதுகு சாய்மானத்தைத் தொடாது, கைப்பிடிகள் விலகி நிற்கும். பிறகு நுனியில் உட்கார்ந்து கூன் போட்டுத்தான் வேலை பார்க்க முடியும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். முதுகு சாய்மானத்தில் படும்படி நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். முழங்காலின் உட்பக்கத்துக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் உங்களுக்கு அது பெரிது. தொடையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் சட்டத்தில் உரசினால் சிறிது. ஏரானில் இருக்கையை முன்னே பின்னே நகர்த்தும் வசதி கிடையாது, அளவு மாற்றித்தான் எடுக்க வேண்டும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது உயரம். நம் ஊரில் நாற்காலி தொடர்பான வலிகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பி அளவின் இருக்கை ஏறக்குறைய 41 செ.மீ. வரைதான் கீழே இறங்கும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குத் தரையிலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை, செருப்போடு சேர்த்து, சுமார் 40 செ.மீ. இருக்கும். அதுவரை சரிதான். இப்போது மேசையைப் பாருங்கள். வழக்கமான மேசையின் உயரம் 75 செ.மீ. உட்கார்ந்த நிலையில் இருக்கைக்கு மேல் முழங்கை சுமார் 22 செ.மீ. உயரத்தில் வரும். 40-உம் 22-உம் 62. முழங்கை 62-இல், கீபோர்டு 75-இல். இந்த 13 செ.மீ. வித்தியாசத்தை உடம்பு தோளைத் தூக்கித்தான் சரிக்கட்டும். நாள் முழுக்கத் தூக்கிய தோள் சாயங்காலம் கழுத்துப் பிடிப்பாகவும் தலைவலியாகவும் வந்து நிற்கும். ‘வேலை டென்ஷன்’ என்று மாத்திரை போடுவதற்கு முன் ஒரு அளவு டேப்பை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வித்தியாசத்தைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. மர மேசையாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுக் கால்களை அறுத்துக் குறைக்கலாம். முழு அளவையும் ஒரேயடியாக எடுக்காமல் முதலில் ஐந்து செ.மீ. குறைத்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அறுத்ததை ஒட்ட முடியாது. மேசையைத் தொட முடியாவிட்டால் நாற்காலியை ஏற்றி, அதே அளவுக்குக் காலுக்கு ஏதாவது போட வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் மணை ஒன்று இதற்கு அருமையாக ஒத்துவரும். உயரம் போதாவிட்டால் அடியில் பலகை வைத்து ஆணி அடித்துக்கொள்ளலாம். காலுக்குத் தாங்கல் இல்லாமல் நாற்காலியை மட்டும் ஏற்றினால் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்திக் கால் மரத்துப்போகும். ஏரானைக் குறை சொல்கிறவர்கள் பலர் இப்படி உட்கார்ந்தவர்கள்தான்.

கைப்பிடி விஷயத்தில் ஒரே ஒரு விதி: மேசைக்கு அடியில் போகும் உயரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி மேசை விளிம்பில் முட்டினால் நாற்காலி தள்ளியே நிற்கும், ஆள் முன்னால் குனிவார், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சாய்மானமாக இருந்தாலும் முதுகு அதில் படவே படாது.

இடுப்புத் தாங்கல் மாடலைப் பொறுத்தது. பழைய ஏரானில் சிலவற்றில் மேலும் கீழும் நகரும் ஒரு பட்டை இருக்கும். அதன் இரு பக்கமும் ஒரே கனமல்ல. கழற்றித் திருப்பிப் போட்டால் தாங்கல் கூடும் அல்லது குறையும். இது தெரியாமலே வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வேறு சிலவற்றில் இடுப்பெலும்பின் அடிப்பகுதியைத் தாங்கும் போஸ்ச்சர்ஃபிட் இருக்கும். 2016-இல் வந்த புதிய வடிவத்தில் இடுப்பின் அடிக்கும் அதற்குச் சற்று மேலேயும் தனித்தனியாகத் தாங்கும் போஸ்ச்சர்ஃபிட் எஸ்எல் கிடைக்கிறது. வலையின் இறுக்கமும் எட்டுப் பகுதிகளாகப் பிரித்து மாற்றப்பட்டிருக்கிறது. விலை பெரிதாக வேறுபடாவிட்டால் 2016-க்குப் பிந்தையதை எடுங்கள். எதுவும் மாட்டாத வெறும் சாய்மானமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சாயும் இறுக்கத்தைச் சரிசெய்யாமல் ‘ரொம்ப டைட்டா இருக்கு’ என்று நாற்காலியையே ஒதுக்கிவிடுகிறார்கள். முன்பு உட்கார்ந்தவர் உங்களைவிட இருபது கிலோ கூடுதலாக இருந்திருக்கலாம். இறுக்கத்துக்கான குமிழைப் பழைய மாடலில் நிறையச் சுற்று திருப்ப வேண்டும். இரண்டு சுற்று திருப்பிவிட்டு வித்தியாசம் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு திருப்பினால் கை வலிக்காது. சாயும்போது சாய்மானம் உங்களைத் தள்ளிவிடவும் கூடாது, சடாரென்று பின்னால் விழவும் கூடாது. மூச்சை இழுத்துவிட்டால் லேசாக அசைகிற நிலைதான் சரியான இறுக்கம். ‘புஷ்பேக் லாக்’ போட்டு விறைப்பாக நிறுத்திவைப்பது வேண்டாம். நேராக உட்காருவதைவிடக் கொஞ்சம் சாய்ந்து, அடிக்கடி நிலை மாற்றிக்கொள்வதுதான் முதுகுக்குச் சுகம்.

பழசில் என்னென்ன கெட்டுப்போயிருக்கும்? முதலில் இருக்கையின் முன்விளிம்பு. முந்தைய மாடலில் அங்கே வலைக்கு அடியில் ஸ்பாஞ்சுப் பட்டை ஒன்று இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கட்டைவிரலால் விளிம்பை நீளவாக்கில் அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்று இருந்தால் சரி. ஓரிடத்தில் நேரே கெட்டிப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் ஸ்பாஞ்சு போய்விட்டது. நாற்காலியைக் கவிழ்த்தால் தூள் கொட்டும். இதற்கு மாற்றுப் பட்டை கிடைக்கிறது, அடியிலிருந்தே செருகிவிடலாம். வலை கிழிந்திருந்தால் கதை வேறு. வலையும் சட்டமும் ஒன்றாக வார்க்கப்பட்டவை, துணி மாதிரி தனியே மாற்ற முடியாது. முழு இருக்கையையும் மாற்ற வேண்டும். இருக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, சட்ட ஓரத்தில் இழை பிரிந்திருந்தால் அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்த பத்து நிமிடத்தில் தானாக இறங்கினால் கடைக்காரர்கள் ‘ஹைட்ராலிக்’ என்று சொல்லும் காஸ் குழாய் போய்விட்டது என்று பொருள். நெம்புகோலை இழுத்தும் நாற்காலி ஏறவே இல்லை என்றால் குழாயைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பழைய ஏரானில் நெம்புகோல்கள் கேபிளால்தான் வேலை செய்கின்றன, அது அறுந்தோ கழன்றோ இருக்கலாம். கேபிள் மாற்றுவது சின்ன வேலை. ஹைட்ராலிக் மாற்றுவது பெரிய வேலைதான், ஆனால் ஆபீஸ் சேர் மெக்கானிக் யாருக்கும் கைவந்த வேலை. அது திருகால் அல்ல, கூம்பு வடிவ முனை இறுகிப் பிடிப்பதால்தான் நிற்கிறது. அதனால் சுத்தியால் தட்டியும் பைப் ரெஞ்சால் திருப்பியும் எடுப்பார்கள். புதியதைப் பொருத்தும்போது கூம்பில் கிரீஸ் தடவ விடாதீர்கள், பிடிப்பு வழுக்கும். பழைய குழாயை அறுக்கவோ துளைக்கவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மாற்றுக் குழாயைப் பழையதைக் கையில் வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கைப்பிடி ஏற்றிவைத்தும் கீழே வழுகினால் அதன் பூட்டு தேய்ந்திருக்கிறது. உள்ளங்கையை ஊன்றி எழுந்து பாருங்கள், அப்போதே தெரிந்துவிடும். கைப்பிடி மேலுறை கிழிந்திருப்பதை வைத்து விலை குறைக்கலாம், அதற்காக விட்டுவிட வேண்டாம். அது திருகைக் கழற்றி மாற்றக்கூடிய சாமான். சக்கரங்கள் கெட்டி நைலானாக இருந்தால் நம் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும், சத்தமும் போடும். மேலே ரப்பர் போன்ற பாலியூரித்தேன் பூசிய சக்கரங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். லேபிள் இல்லாமல், புள்ளிகளும் இல்லாமல் பளபளவென்று நிற்பது போலியாக இருக்கலாம். நிறுவனம் 12 வருட வாரண்டி தருவது உண்மை, ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும். ‘கம்பெனி வாரண்டி இருக்கு சார்’ என்ற பேச்சுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். கடையின் சொந்த வாரண்டி எத்தனை மாதம், ஹைட்ராலிக்குக்கும் சேர்த்தா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

யாருக்கு இது சரிப்படாது? சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்கு. ஏரானின் இருக்கையைச் சுற்றிலும் மேலெழும்பிய கெட்டிச் சட்டம் ஓடுகிறது. காலை மடித்தால் கணுக்கால் அதில் போய் அழுந்தும், ஐந்து நிமிடம் தாங்காது. நம்மில் எத்தனையோ பேருக்கு ஒரு காலையாவது மடித்து வைத்தால்தான் வேலையில் மனம் ஊன்றும். அது கெட்ட பழக்கமும் அல்ல. அப்படிப்பட்டவர்கள் அகலமான தட்டை மெத்தை உள்ள சாதாரண நாற்காலியையே வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு உயரமுள்ள இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காரும் வீட்டுக்கும் ஏரான் வேண்டாம். இருக்கையை முன்பின் நகர்த்தக்கூடிய வேறு நாற்காலி பாருங்கள். தலை சாய்க்க இடம் வேண்டும் என்பவர்கள் வெளி நிறுவனங்கள் செய்வதைத் தனியே வாங்கி மாட்ட வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். வலியில்லாத நாற்காலியில் நேரம் போவதே தெரியாது, எழுந்திருக்கவும் தோன்றாது. இரண்டு லிட்டர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு டம்ளர் மட்டும் வையுங்கள். தீரத் தீர எழுந்துபோய்ப் பிடித்து வர வேண்டியிருக்கும். போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள். மடிக்கணினியாக இருந்தால் நாலைந்து கனமான புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, கீபோர்டும் மௌசும் தனியாக மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கழுத்து குனிந்தேதான் இருக்கும், எந்த நாற்காலியாலும் அதை நிமிர்த்த முடியாது.

கடைக்குப் போகும்போது அளவு டேப்பும், வீட்டு மேசையின் உயரத்தைக் குறித்த துண்டுச் சீட்டும், தினமும் போடும் செருப்பும் இருக்கட்டும். பிடித்த நாற்காலியில் குறைந்தது பதினைந்து நிமிடம் எழுந்திருக்காமல் உட்காருங்கள். ஹைட்ராலிக் இறங்குவதும் தொடை மரத்துப்போவதும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது.