அப்யானே கிராமத்தில் தங்க ஒரு நல்ல வீடு

ஈரானில் கர்கஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது அப்யானே. காஷானிலிருந்து டாக்ஸி பிடித்தால் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். நாங்கள் தங்கியது ஒரு மூதாட்டி நடத்தும் மண்வீட்டு விடுதி.

அறை சிறியது, ஆனால் படுசுத்தம். தரையில் கம்பளம், அதன்மேல் மெத்தை. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. ஊரே சரிவில் அடுக்கடுக்காக ஏறுவதால், கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்கு முற்றம். வீடுகள் கிழக்கு பார்த்தவை. குளிர்மலையில் காலை வெயில் வீணாகக் கூடாதே! சுவரின் சிவப்பு, இரும்புச்சத்துள்ள உள்ளூர் மண்ணின் நிறம்.

2006 கணக்கெடுப்பில் 160 குடும்பங்கள், 305 பேர். அதாவது வீட்டுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இளையவர்கள் பலர் டெஹ்ரானில். கோடையில்தான் வருகிறார்களாம். சந்துகளில் நாம் பார்ப்பதெல்லாம் பூப்போட்ட வெள்ளை முக்காடு அணிந்த பாட்டிமார்கள்தான். அவர்கள் வாசலில் விற்கும் உலர்ந்த ஆப்பிளை அவசியம் வாங்குங்கள்.

சாப்பாடு அருமை. ஆஷ் என்ற கெட்டியான சூப்பும் சூடான ரொட்டியும் இரவுக் குளிருக்கு அவ்வளவு இதமாக இருந்தன. குறை என்றால் வெந்நீர். காலையில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம், கார் உள்ளே வராது. செங்குத்தான கல்பாதையில் பெட்டியைத் தூக்கித்தான் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தெருவில் அறை கேளுங்கள்.