மியாட்டாவை எவ்வளவு தாழ்த்தலாம்? நான்கு பருவங்கள் ஓட்டிப் பார்த்த கணக்கு

என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, பின்சக்கர இயக்கம், நான் ஏறாமல் ஏறக்குறைய 1,080 கிலோ. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுகள் இந்தக் காரில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன். இது டிராக்கில் நடக்கும் பந்தயம் அல்ல. பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து, நெளிந்து வளைந்த பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு மோத வேண்டும். ஒரு ஓட்டம் 50 நொடியில் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டினால் 2 நொடி தண்டனை. பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டோம்.

இந்த விளையாட்டில் காரின் உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதில்லை. டயர் தேய்ந்தாலும் காற்று குறைந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே வழக்கம். கீழே நான் சொல்லும் அங்குலங்கள் எல்லாம் அந்த அளவுதான்.

முதல் பருவத்தில் முன்பக்கம் 14 அங்குலம். எனக்கு முன் இருந்தவர் ஸ்பிரிங்கைத் தொட்டதே இல்லை. இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்சிசிஏவின்படி, பெரிதாக மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் வகுப்பில் ஸ்பிரிங்கை மாற்றவும் கூடாது, ஆகவே அப்படியே ஓட்டினேன். கார் படகுபோலச் சாய்ந்தது. ஆனால் சாய்வதைச் சொல்லிவிட்டுச் சாய்ந்தது. உண்மையான சிக்கல் டயரில் இருந்தது. அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை எல்லை வரை திருப்பியும் முன்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம், ஒன்றேகால் டிகிரிக்கு மேல் கிடைக்கவில்லை. வளைவில் டயரின் வெளித்தோள் மட்டுமே உழைத்தது. பருவ முடிவில் உள்பாதி புதிதாகவும் வெளிப்பாதி மொட்டையாகவும் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்ட்ரீட் டூரிங் வகுப்புக்கு மாறினேன். அங்கே ஸ்பிரிங்கை மாற்றலாம். காயில்ஓவர் ஒரு செட் வாங்கினேன். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது அது, மரையில் உள்ள வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றலாம். முன்னால் 550, பின்னால் 350 பவுண்டு ஸ்பிரிங் போட்டேன், அதாவது ஓர் அங்குலம் அமுங்க அத்தனை பவுண்டு எடை வேண்டும். உயரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தெருவில் இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத் தெரிந்ததும் நிறுத்தினேன். 11½ அங்குலம். டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் ஒளிந்துகொண்டு, கார் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது.

என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவரிடம் முதல் ஆண்டு சராசரியாக ஒரு நொடி பின்தங்கியிருந்தேன். இத்தனை செலவுக்குப் பிறகு ஒன்றரை நொடி. வளைவுக்குள் முன்பக்கம் திடீரென்று பிடியை விடும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் இன்னும் நேராகப் போகும். சிமெண்டுத் தரையின் இணைப்புக் கோடு ஒன்றைத் தாண்டும்போது பின்பக்கம் எகிறிப் பக்கவாட்டில் விழும். டயர்தான் காரணம் என்று நினைத்தேன். புது டயர் வாங்கினேன். அதுவும் அதையேதான் செய்தது.

பல ஆண்டுகளாக ஓட்டும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் கைவிட்டு, ஷாக் அப்சார்பரின் தண்டில் கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டார். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வா என்றார். ஷாக் அமுங்கும்போது பட்டை தண்டில் மேலே தள்ளப்பட்டு, எட்டிய இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து பார்த்தபோது பட்டை நசுங்கி, சஸ்பென்ஷன் எல்லையைத் தொடும்போது இடி தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு சக்கரங்களிலும் அதே கதை. அதாவது ஒவ்வொரு வளைவிலும் நான் ஸ்பிரிங்கின் மேல் அல்ல, அந்த ரப்பர்த் துண்டின் மேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் நசுங்க நசுங்க அதன் விறைப்பு பல மடங்கு ஏறும். எந்தப் பக்கம் முதலில் அதில் இடிக்கிறதோ அந்தப் பக்கம் பிடியை இழக்கும். 550, 350 என்று நான் கணக்குப் போட்டு வாங்கிய எண்களுக்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது.

தாழ்த்தினால் என்ன கிடைக்கிறது என்று அதன் பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், காயில்ஓவர் வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை. என்னையும் சேர்த்து 1,155 கிலோ, சக்கரங்களுக்கு இடையே 1.42 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 46 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். எடைக்குச் சமமான பக்கவிசையில் திரும்பும்போது உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை ஏறக்குறைய 375 கிலோ. காரை ஓர் அங்குலம் தாழ்த்தினால் இதில் ஏறக்குறைய 20 கிலோ குறைகிறது. ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓர் அங்குலத்துக்காகச் சஸ்பென்ஷன் மேலே எழும்ப வேண்டிய இடத்தில் ஓர் அங்குலத்தைக் கொடுக்கிறோம். மியாட்டாவில் அந்த இடம் முதலிலேயே கொஞ்சம்தான்.

இன்னொன்றும் உண்டு. காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கைகளின் சாய்வு மாறி, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியும் கீழே இறங்குகிறது, பல சமயம் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடினால், தாழ்ந்த கார் உயர்ந்த காரைவிட அதிகம் சாயவும் கூடும். மியாட்டாவில் நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள், என்பதால் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். முன்னால் மேல்கை இல்லாத மேக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள மினி, ஃபியஸ்டா, சுபாரு பிஆர்இசட் போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் என்னைவிட இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு அங்குலம் தாழ்த்தினால் சாயும்போது கேம்பரும் கைவிட்டுவிடும்.

மூன்றாம் பருவத்துக்கு முன்னால் 12¾, பின்னால் 13 அங்குலம் வைத்தேன். நெகட்டிவ் கேம்பர் 2.4 டிகிரி கிடைத்தது. தாழ்த்தியதில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன், எடைக் கணக்கைவிட. பட்டையைப் பார்த்தால் கடினமான வளைவுகளில் பம்ப் ஸ்டாப்பை லேசாகத் தொட்டுத் திரும்பியிருந்தது. தொடுவதில் தவறில்லை, அங்கேயே குடியிருக்கக் கூடாது. நண்பரோடு இருந்த இடைவெளி அந்தப் பருவத்தின் பாதியில் 0.4, 0.5 நொடியாகச் சுருங்கியது. எல்லாம் உயரத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். கார் சொன்னபடி கேட்டதால் நானும் கொஞ்சம் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அளக்கும் வேலையில்தான் பாடுபட்டேன். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் பொய்யான எண் வரும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை உட்கார விடாது. காரை முன்னும் பின்னும் பத்தடி உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஓட்டுநரின் எடையும் இருக்கையில் இருக்க வேண்டும். அளப்பவனும் நானே, உட்காருபவனும் நானே என்றால் எப்படி? சமையலறையிலிருந்து 20 பவுண்டு அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து இருக்கையில் அடுக்கினேன். எட்டு மூட்டை வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றுதான் இருந்தன. மீதியை இரண்டு வீடுகளில் கடன் வாங்கினோம். எதற்கு என்று என் மனைவி அவர்களிடம் விளக்கியதை நான் கேட்கவில்லை.

ஒரு மூலையில் காயில்ஓவரின் வளையத்தைத் திருகினால் எதிர்மூலையின் எடையும் சேர்ந்து மாறும். ஆகவே நான்கு சக்கரங்களுக்கும் தராசு வைத்து, எதிரெதிர் மூலைகளின் எடைக் கூட்டுத்தொகையை மொத்த எடையில் சரிபாதிக்குக் கொண்டுவந்தேன். உயரம் மாறினால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு, அதுவும் மாறும். ஒரு முறை அலைன்மென்ட் செய்ய மறந்துவிட்டு மூன்று வாரத்தில் ஒரு ஜோடி டயரைத் தின்னக் கொடுத்தேன். இங்கே குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு காயில்ஓவரின் மரைகளைக் கல்லாக்கிவிடும். ஆண்டுக்கொரு முறை பிரஷ்ஷால் தேய்த்துக் கிரீஸ் பூசாவிட்டால் வசந்தத்தில் ஸ்பானர்தான் வளையும்.

நான்காம் பருவத்தில் ஆசை விடவில்லை. மேடுபள்ளமில்லாத ஓர் இடத்தில் நடந்த போட்டிக்காக முன்பக்கத்தை 12½ அங்குலத்துக்கு இறக்கினேன். நேரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வழக்கமான இடத்துக்குத் திரும்பியதும் பட்டைகள் மறுபடி நசுங்கின. அடுத்த வாரமே பழைய அளவுக்கு ஏற்றிவிட்டேன்.

இப்போது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே தாராளமாக இரண்டு விரல் போகும். வாரநாளில் கடைக்குப் போனால் அங்கே வேலை செய்யும் பையன்கள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை எப்போது தாழ்த்தப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.